வீட்டுக்குள் ஒரு மரம்



சொந்த ஊரில் நம்மில் அநேகருக்கு வாசலில் ஒரு வேப்பமரமோ, கிணற்றடியில் ஒரு முருங்கையோ, கொல்லையில் ஒரு கறிவேப்பிலை மரமோ இருந்தது. பிழைப்பைத் தேடிப் பட்டணத்துக்கு வந்தபோது பாத்திரங்களையும் துணிமணிகளையும் கட்டிக்கொண்டு வந்தோம். மரத்தைக் கட்டிக்கொண்டு வர முடியவில்லை. இன்று நாம் வாழ்வது இரண்டு அறை கொண்ட வாடகை வீடு. மண் என்று சொல்லத்தக்கது வாசற்படிக்கு வெளியே ஒரு முழம்கூட இல்லை. ஆயினும் பச்சை நிறத்துக்காக மனம் ஏங்குகிறது. ஆகவே நாற்றுப் பண்ணையிலிருந்து ஒரு தொட்டிச் செடியை வாங்கி வந்து கூடத்தின் மூலையில் வைக்கிறோம். இரண்டு மாதத்தில் அது இலைகளை உதிர்த்துவிட்டுக் குச்சியாய் நிற்கிறது. "என் கைக்குச் செடி ஆகாது" என்று அநேக சகோதரிகள் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். குறை கையில் அல்ல, அறிவில்தான். அந்த அறிவைப் பெறுவது கடினமும் அல்ல.

இதை நான் எழுதுவதற்கு வேறொரு காரணமும் உண்டு. செடிகளைப் பற்றி நான் அறியாமையினால் சொன்ன ஒரு வார்த்தை ஒரு குடும்பத்துக்குத் துன்பத்தைக் கொண்டுவந்தது. அதைப் பின்னால் சொல்லுகிறேன்.

காட்டு மரம் வீட்டில் வாழ்வது எப்படி?

கூடத்தை அலங்கரிக்கும் செடிகளில் பல, உண்மையில் செடிகள் அல்ல. அவை வெப்பமான நாடுகளின் காடுகளில் வளரும் மரங்களின் இளங்கன்றுகள். பைகஸ் என்று விற்கப்படும் வெள்ளால், ரப்பர் செடி, டிரசீனா, குடைபோல் இலை விரிக்கும் ஷெப்ளெரா, கிறிஸ்துமஸ் மரம் என்று நாம் அழைக்கும் அரக்கேரியா ஆகிய அனைத்தும் இவ்வகையைச் சேர்ந்தவையே.

அடர்ந்த காட்டின் தரையில் விழுந்த விதை முளைக்கும்போது மேலே பெரிய மரங்கள் கூரையாய் மூடியிருக்கின்றன. சூரிய ஒளியில் மிகச் சிறிய பங்கே கீழே வந்து சேரும். அந்த மங்கிய ஒளியில் கன்று மெதுவாக வளர்ந்து, மேலே ஒரு கிளை முறிந்து வெளிச்சம் திறக்கும் நாளுக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும். நம்முடைய கூடமும் ஏறக்குறைய அத்தகைய இடமே: நேர் வெயில் இல்லை, கடுங்குளிர் இல்லை, மங்கிய வெளிச்சம் உண்டு. ஆலினத்து மரங்கள் பலவற்றுக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. பறவை போட்ட விதை வேறொரு மரத்தின் கிளைப்பொந்தில் முளைத்து, கைப்பிடி மண்ணில் வேரோடி, வறட்சியைத் தாங்கி வளரும். அப்படிப்பட்ட மரத்துக்குத் தொட்டியின் நெருக்கம் புதிதல்ல. இப்பழக்கம்தான் அதனை வீட்டுக்கு ஏற்றதாக்குகிறது.

கொச்சியிலிருந்து உலகத்துக்கு

நாம் வசிக்கும் இக்கரைக்கும் இந்த மரங்களுக்கும் பழைய தொடர்பு உண்டு. டச்சுக்காரர் கொச்சியை ஆண்ட காலத்தில் மலபாரின் ஆளுநராயிருந்த ஹெண்ட்ரிக் வான் ரீட் இந்நாட்டுத் தாவரங்களை எழுதச் செய்தார். சேர்த்தலைப் பக்கத்து வைத்தியரான இட்டி அச்சுதன் தமது பரம்பரை அறிவைக் கொடுத்தார்; ரங்கபட், விநாயக பண்டிட், அப்புபட் என்னும் கொங்கணி வைத்தியர் மூவரும் உதவினார்கள். இப்படி உருவான 'ஹோர்த்தூஸ் மலபாரிக்கூஸ்' என்னும் நூல் 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக அச்சாயிற்று. ஆலும் அத்தியும் அதில் படத்தோடு இடம்பெற்றன. பேராசிரியர் கே. எஸ். மணிலால் பல்லாண்டு உழைத்து அதனை ஆங்கிலத்தில் கொண்டுவந்தது 2003-ல்தான். வெளிநாட்டார் வீடுகளின் கண்ணாடிச் சன்னல் ஓரத்தில் இன்று விலையுயர்ந்த அலங்காரமாய் நிற்கும் ஆலினத்துக்கு, நம்முடைய மண் தாய்வீடுகளில் ஒன்று.

ரப்பர் செடியும் இந்தியாவின் பிள்ளையே. கேரளத் தோட்டங்களில் பால் வெட்டும் ரப்பர் மரம் வேறு; அது பிரேசிலிலிருந்து வந்தது. வீட்டில் வைக்கும் அகன்ற இலை ரப்பர் செடி ஆலின் உறவு. மேகாலயாவில் காசி மக்கள் இம்மரத்தின் வேர்களை ஓடைகளுக்கு மேலே திருப்பிவிட்டு, தலைமுறை தலைமுறையாக வளர்த்து, உயிருள்ள பாலங்களாக்கியிருக்கிறார்கள். 2022-ல் இப்பாலங்கள் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. மனிதரைச் சுமக்கும் பாலமாகத்தக்க வேர்தான் உங்கள் கூடத்துத் தொட்டிக்குள் சுருண்டு கிடக்கிறது என்பதை மறவாதீர்கள். வாடகை வீட்டின் மதிலோரத்திலோ, கழிவுத் தொட்டியின் அருகிலோ இதை ஒருபோதும் மண்ணில் நட்டுவிடாதீர்கள். மூன்று சென்ட் நிலத்தில் நிற்கும் வீட்டின் அடித்தளத்துக்கு அது கேடாகும்.

எந்த மரத்தைத் தெரிந்துகொள்வது?

செடியின் அழகைப் பார்த்துத் தெரிந்துகொள்ளாமல், முதலில் வீட்டின் வெளிச்சத்தைப் பாருங்கள். நண்பகலில் செடி வைக்கவிருக்கும் இடத்தில் ஒரு வெள்ளைத் தாளை விரித்து, அதற்கு ஒரு அடி உயரத்தில் கையை நீட்டுங்கள். விளிம்பு தெளிவான நிழல் விழுந்தால் நல்ல வெளிச்சம். மங்கலான நிழல் விழுந்தால் நடுத்தரம். நிழலே விழாவிட்டால் அங்கே எந்த மரமும் நெடுநாள் வாழாது. அவ்விடத்துக்கு வேறு பொருளை வையுங்கள்.

நல்ல வெளிச்சமுள்ள கிழக்குச் சன்னல் இருந்தால் வெள்ளாலும், வயலின் வடிவ இலைகொண்ட மேற்கு ஆப்பிரிக்க அத்தியும் ஏற்றவை. வெள்ளாலுக்கு ஒரு குணம் உண்டு: இடம் மாற்றினால் இலைகளைக் கொட்டும். செத்துவிட்டது என்று எறிந்துவிடாதீர்கள். பண்ணையின் வெளிச்சத்துக்கென்று விட்ட இலைகளைக் கழித்து, உங்கள் வீட்டு வெளிச்சத்துக்கு ஏற்ற புதிய இலைகளை அது விடும். அதற்குச் சில வாரங்கள் வேண்டும். அதுவரை இடம் மாற்றாமலும் தண்ணீரை அதிகமாக்காமலும் காத்திருங்கள்.

நடுத்தர வெளிச்சத்துக்கு ரப்பர் செடியும் ஷெப்ளெராவும் பொருந்தும். இன்னும் மங்கலான அறைக்கு, ஆப்பிரிக்காவிலிருந்து வந்ததும் சோளத்தட்டை போன்ற இலையுடையதுமான டிரசீனா பொறுமையுள்ளது.

அரக்கேரியா பசிபிக் பெருங்கடலில் உள்ள நார்போக் தீவின் மரம். அங்கே கடற்கரையில் வளர்வதால் உப்புக்காற்றைத் தாங்கும். ஆகவே வைப்பின் போன்ற கடலோர வீட்டின் வராந்தாவுக்கு மிகவும் ஏற்றது. டிசம்பர் மாதம் முடிந்ததும் அதைக் குப்பையில் போடுவது பரிதாபம். தொட்டியிலேயே பல ஆண்டுகள் வளரும். ஆனால் அதன் நுனியை வெட்டாதீர்கள். வெட்டினால் அதன் அழகிய அடுக்கு வடிவம் மீண்டும் வராது. உதிர்ந்த கீழ்க்கிளைகளும் திரும்ப வளர்வதில்லை.

நம் தாய்மார் நெடுங்காலமாகத் தொட்டியில் வளர்த்துவரும் கறிவேப்பிலையும் ஒரு வெப்பமண்டல மரமே. கடல் கடந்து போன தமிழர் பலர் தேடிய செடி இது. ஆனால் இது கூடத்தில் வாழாது. நாளொன்றுக்கு நாலைந்து மணி நேர வெயில் வேண்டும். பால்கனியிலோ மாடியிலோ வையுங்கள். விதையால் வளர்ப்பதானால் பழுத்த பழத்தின் விதையை உடனே நடுங்கள். காய்ந்த விதை முளைக்கும் திறனை விரைவில் இழந்துவிடும்.

பண்ணையில் வாங்கும்போது ஓரிரு அடி உயரமுள்ள கன்றையே வாங்குங்கள். விலை குறைவு, புதிய இடத்துக்கு எளிதில் பழகும். இலையின் அடிப்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். வெண்பஞ்சு போன்ற மாவுப்பூச்சி இருந்தால் வாங்க வேண்டாம்.

வைப்பினின் உப்பும் செடியின் உயிரும்

இனி தண்ணீரைப் பற்றிச் சொல்ல வேண்டும். வைப்பின் தீவு 1341-ல் பெரியாற்றில் உண்டான பெருவெள்ளத்தோடு தோன்றியதாகச் சொல்லப்படுகிறது. ஆறும் கடலும் கொண்டுவந்து வைத்த வண்டலே இந்நிலம். 'புதுவைப்பு' என்னும் பெயரும் அதையே சொல்லுகிறது. ஒருபுறம் அரபிக்கடல், மறுபுறம் காயல். 2004-ல் கோஸ்ரீ பாலங்கள் திறக்கப்பட்டதால் எர்ணாகுளம் அருகாயிற்று. 2023 ஏப்ரலில் வாட்டர் மெட்ரோவும் வந்தது. ஆனால் பல இடங்களில் கிணற்றுநீர் இன்னும் உப்பாகவே இருக்கிறது. பெரிய வேலியேற்றத்தின் நாட்களில் தீவின் பல வீடுகளுக்குள் உப்புநீர் புகுவதும் உண்டு.

எங்கள் வீட்டில் இருந்த ரப்பர் செடியின் இலை விளிம்புகள் பழுப்பு நிறமாய்க் கருகத் தொடங்கின. தண்ணீர் போதவில்லை என்று எண்ணி என் மனைவி தினமும் கிணற்றுநீரை ஊற்றினாள். கருகல் அதிகமாயிற்று. மண்ணின் மேலும் தொட்டியின் வெளிப்புறத்திலும் வெண்மையான படிவு கண்டபோதுதான், அது தாகம் அல்ல, உப்பு என்று விளங்கிற்று. ஊற்றிய நீர் ஆவியாகிப் போகும். உப்போ மண்ணிலேயே தங்கி நாளுக்கு நாள் பெருகும். கொதிக்க வைத்தாலும் உப்பு போகாது.

இதற்குப் பரிகாரம் நம் கூரையின்மேல் பெய்கிறது. கொச்சியில் ஆண்டுக்கு ஏறக்குறைய 3000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. முதல் சில மழைகளில் கூரையின் தூசி கழுவப்படட்டும். அதன்பின் வரும் நீரை மூடியுள்ள பாத்திரத்தில் பிடித்து வையுங்கள். உப்பேறிய தொட்டியை வெளியே எடுத்து, தொட்டியின் கொள்ளளவைப் போல் மூன்று நான்கு மடங்கு மழைநீரை மெதுவாக ஊற்றி, அடித்துளை வழியாக முழுவதும் வடியவிடுங்கள். கோடையில் குழாய்த் தண்ணீரை உபயோகியுங்கள்.

தென்னை நார்க்கழிவிலும் கவனம் வேண்டும். கேரளத்தில் மட்டைகளை உப்புக் காயலில் ஊறவைக்கும் வழக்கம் உண்டு. ஆகையால் நார்க்கழிவில் உப்பு இருக்கக்கூடும். அதை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசிப் பிழிந்த பின்னரே மண்ணோடு சேருங்கள். செம்மண், ஆற்றுமணல், மக்கிய தொழு உரம், அலசிய நார்க்கழிவு ஆகியவற்றைச் சமமாகக் கலந்தால் நீர் தேங்காத நல்ல மண் கிடைக்கும்.

அன்பு மிகுதியால் சாகும் செடிகள்

தொட்டிச் செடிகளில் அநேகம் தாகத்தால் சாவதில்லை; தண்ணீர் மிகுதியால் சாகின்றன. வேரும் சுவாசிக்கிறது. மண்ணின் இடைவெளிகளை எப்போதும் நீர் நிரப்பியிருந்தால் காற்றின்றி வேர் அழுகும். வேர் அழுகியதால் இலை வாடும். நாமோ வாடியதைக் கண்டு இன்னும் தண்ணீர் ஊற்றுகிறோம்! எனவே விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். ஈரம் தெரிந்தால் ஊற்றாதீர்கள். உலர்ந்திருந்தால் அடித்துளையில் வடியும் வரை ஊற்றுங்கள். கோடையில் வாரம் இருமுறை வேண்டியிருந்த செடிக்கு ஜூன், ஜூலை மழையில் பத்து நாளைக்கு ஒருமுறைகூடத் தேவைப்படாதிருக்கலாம்.

தொட்டியின் அடியில் வைக்கும் தட்டில் நீர் நிற்க விடாதீர்கள். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு இப்படிப்பட்ட தெளிந்த நீரில்தான் முட்டையிடும். ஏழு முதல் பத்து நாட்களில் முட்டை கொசுவாகிவிடும். கேரளத்தில் வாரம் ஒருநாள் தேங்கிய நீரையெல்லாம் கொட்டும் 'டிரை டே' என்னும் வழக்கம் உண்டு. அந்நாளில் தட்டைக் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவுங்கள். முட்டைகள் விளிம்பில் ஒட்டிக்கொண்டிருக்கும்.

வாரம் ஒருமுறை தொட்டியைக் கால் வட்டம் திருப்புங்கள்; செடி ஒருபக்கம் சாயாது. ஈரத்துணியால் இலைகளைத் துடையுங்கள். மாவுப்பூச்சி வந்தால் ஒரு லிட்டர் நீரில் ஐந்து மில்லி வேப்பெண்ணெயும் சிறிது சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் தெளியுங்கள். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை இரண்டு அங்குலம் பெரிய தொட்டிக்கு மாற்றுங்கள். மரம் மேலும் பெரிதாக வேண்டாம் என்றால், வெளிவட்டத்து வேர்களில் சிறிது நறுக்கி, புதுமண் இட்டு, அதே தொட்டியில் வைக்கலாம். ரப்பர் செடி கூரையை முட்டினால் நுனியை வெட்டுங்கள். பக்கத்தில் கிளைகள் தோன்றும். வெட்டும்போது வடியும் பால் தோலில் அரிப்பை உண்டாக்கக்கூடும், கையுறை அணியுங்கள்.

நான் சொன்ன தவறான வார்த்தை

2023 மார்ச் 2-ம் தேதி பிரம்மபுரம் குப்பைக் கிடங்கில் தீப்பற்றியது. ஏறக்குறைய பன்னிரண்டு நாட்கள் கொச்சி நகரம் புகையில் மூழ்கியது. அந்நாட்களில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து குடியேறிய ஒரு சகோதரி என்னிடத்தில் வந்து, "பாஸ்டர் ஐயா, பையனுக்கு ராத்திரியெல்லாம் இளைப்பு. என்ன செய்வது?" என்று கேட்டாள். ஆறு வயதுப் பிள்ளை. செடிகள் காற்றைச் சுத்திகரிக்கும் என்று அமெரிக்க விண்வெளி ஆய்வு நிறுவனமே கண்டறிந்ததாக எங்கோ வாசித்திருந்தேன். அதையே அவளுக்குச் சொன்னேன்.

அவர்கள் கடன் வாங்கி ஏழு தொட்டிகளை வாங்கினார்கள். பிள்ளை உறங்கும் அறையில் அவற்றை வைத்துச் சன்னல்களை அடைத்தார்கள். நகரத்தின் புகை நீங்கிய பின்பும், செடிகள் இருக்கின்றனவே என்று சன்னல்களைத் திறக்கவில்லை. தினமும் தண்ணீர் ஊற்றியதால் அறையில் ஈரம் தங்கிற்று. மழைக்காலம் வந்தபோது சுவரில் பூஞ்சணம் பூத்தது. பிள்ளைக்கு இளைப்பு அதிகமாயிற்று. பிள்ளையைப் பார்த்த மருத்துவர் அறையைப் பற்றி விசாரித்தார். "செடிகளை வெளியே வையுங்கள், சன்னலைத் திறங்கள், சுவரைச் சுத்தம் செய்யுங்கள், மருந்தை நிறுத்தாதீர்கள்" என்று சொன்னார். அப்படியே செய்தார்கள். சில வாரங்களில் பிள்ளை சுகமாக உறங்கினான். நான் அவர்கள் வீட்டுக்குப் போய், அறியாமல் சொன்னேன் என்று மன்னிப்புக் கேட்டேன்.

பின்பு நான் ஆராய்ந்து அறிந்தது இது. அந்த ஆய்வு 1989-ல் வெளியானது, உண்மையானதே. ஆனால் அது காற்றுப் புகாத சிறிய பெட்டிகளுக்குள் செய்யப்பட்டது. வீடு அப்படிப்பட்ட பெட்டி அல்ல. 2019-ல் பிலடெல்பியாவின் டிரெக்சல் பல்கலைக்கழகத்தார் இத்தகைய 12 ஆய்வுகளை ஒன்றாக ஆராய்ந்து, திறந்த சன்னல் செய்யும் வேலையைச் செடிகள் செய்ய வேண்டுமானால் தரையின் ஒரு சதுர மீட்டருக்குக் குறைந்தது 10 செடிகளும், சில வாயுக்களுக்கு 1000 வரையிலும் வேண்டும் என்று கணக்கிட்டார்கள். பத்துக்குப் பத்து அடி அறைக்கு, குறைந்த கணக்கிலேயே தொண்ணூறுக்கு மேற்பட்ட தொட்டிகள்! பிறகு பிள்ளை எங்கே படுப்பது?

ஆகவே, பிரியமானவர்களே, செடியைக் கண்ணுக்கும் மனதுக்கும் மகிழ்ச்சியாக வாங்குங்கள், மருந்தாக வாங்காதீர்கள். இளைப்புள்ள பிள்ளையை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். இரவில் செடி கரியமில வாயுவை விடும் என்று அஞ்சவும் வேண்டாம். அருகில் உறங்கும் ஒரு மனிதர் விடுவதைவிட அது மிகக் குறைவு.

விஷமுள்ளவற்றையும் அறிந்திருங்கள். அரளியை, அழகானதென்று, சிறுபிள்ளைகள் கைக்கெட்டும் இடத்தில் வளர்க்காதீர்கள்; அதன் எல்லாப் பாகங்களும் இருதயத்தைத் தாக்கும். 2024 மே மாதத்தில் திருவிதாங்கூர், மலபார் தேவஸ்வம் வாரியங்கள் கோவில் நிவேதனங்களில் அரளிப்பூவை விலக்கியது இதனால்தான். டிரசீனாவை நாயும் பூனையும் கடிக்காதபடி வையுங்கள்.

அதிர்ஷ்டச் செடி என்று விற்பவர்களுக்கும் செவிகொடுக்க வேண்டாம். பின்னிய தண்டோடு 'பணமரம்' என்று விற்கப்படுவது பாக்கிரா. மத்திய, தென் அமெரிக்கச் சதுப்புநில மரம். 'அதிர்ஷ்ட மூங்கில்' மூங்கிலே அல்ல. அது ஆப்பிரிக்க டிரசீனா. அவை பணத்தைக் கொண்டுவருவதில்லை; விற்றவருக்கு மட்டும் கொண்டுவரும். அழகுக்காக வைப்பதில் குற்றமில்லை, நம்பிக்கையை அதன்மேல் வைக்காதீர்கள்.

இன்னும் ஓராண்டு

கனியற்ற அத்திமரத்தைப் பற்றி ஆண்டவர் சொன்ன உவமையை அறிவீர்கள். எஜமான் வெட்டிப்போடச் சொன்னபோது, தோட்டக்காரன் இன்னும் ஓர் ஆண்டு தவணை கேட்டான்; சுற்றிலும் கொத்தி எருப்போடுவதாகச் சொன்னான். அந்த அத்தியும் உங்கள் கூடத்து வெள்ளாலும் ரப்பர் செடியும் ஒரே குடும்பத்தின் ஒரே இனத்தொகுதியைச் சேர்ந்தவை. தோட்டக்காரன் கேட்ட மூன்றும் எளியவை: மண்ணைக் கிளறுதல், எருவிடுதல், காலம் கொடுத்தல்.

இலை உதிர்த்து நிற்கும் தொட்டி ஒன்று உங்கள் வீட்டு மூலையில் இருக்குமானால், இன்றே எறிந்துவிடாதீர்கள். நகத்தால் பட்டையைச் சிறிது கீறிப் பாருங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. சன்னலருகே வையுங்கள், உப்பை அலசுங்கள், விரலால் ஈரம் பாருங்கள், காத்திருங்கள். நாளைக்கு வீட்டுக்காரர் வேறு வீடு பார்க்கச் சொன்னாலும், பெட்டி ஆட்டோவில் பாத்திரங்களோடு இந்த மரமும் உங்களுடன் வரும். ஊரில் விட்டுவந்த மரத்தை நம்மால் கொண்டுவர முடியவில்லை. இந்த மரத்தை விட்டுச் செல்ல வேண்டியதில்லை. அதற்குத் தண்ணீர் ஊற்றும் பொறுப்பை உங்கள் பிள்ளைகளின் கையில் கொடுங்கள். உயிருள்ள ஒன்றைக் காக்கும் பழக்கம் அவர்களுக்குள் வேர்கொள்ளட்டும்.

கர்த்தர் உங்கள் வீட்டையும், அதில் வளரும் யாவையும் ஆசீர்வதிப்பாராக.